ஆடித் திருவிழாவில் முதல் கச்சேரி: ஸ்பீக்கர் வாங்கும் முன்

கும்பகோணம் பக்கம் ஆறு நண்பர்கள் சேர்ந்து ஒரு மெல்லிசைக் குழு தொடங்கியிருக்கிறீர்கள். ஒரு பாடகர், ஒரு பாடகி, கீபோர்டு, கிட்டார், பேஸ், ரிதம் பேட். வரும் ஆடியில் அம்மன் கோயில் திருவிழாவில் முதல் பெரிய மேடை. கையில் ஒன்றரை லட்ச ரூபாய் இருக்கிறது, எத்தனை வாட்ஸ் ஸ்பீக்கர் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குக் கீழே இரண்டு வரி சேர்த்திருக்கிறீர்கள். போன மாதம் நண்பரின் கல்யாண வரவேற்பில் பாடியபோது பாடகிக்குத் தன் குரலே கேட்கவில்லை, மைக் கத்திக்கொண்டே இருந்தது, ஒத்திகையில் நன்றாக வந்த பாட்டெல்லாம் மேடையில் இழுத்துக்கொண்டு போனது. ஸ்பீக்கர் வாங்கினால் இதெல்லாம் சரியாகுமா என்பதுதான் நீங்கள் கேட்க வந்தது என்று எடுத்துக்கொள்கிறேன். சரியாகாது. உங்கள் குறை ஜனங்களுக்குக் கேட்காதது இல்லை, மேடையில் இருக்கும் ஆறு பேருக்கும் ஒருவர் வாசிப்பது மற்றவருக்குக் கேட்காதது. பணத்தையும் நேரத்தையும் அதில்தான் போட வேண்டும்.

நான் பதினான்கு வருடம் இந்த மாதிரிக் குழுக்களில் கீபோர்டு வாசித்தவன், அதற்கப்புறம் மிக்ஸர் பக்கம் (எல்லா மைக், வாத்தியச் சத்தங்களையும் கலந்து கூட்டிக் குறைக்கும் பலகை) வந்துவிட்டேன். ஊர்த் திருவிழா மேடை, கல்யாண மண்டபம், கல்லூரி விழா, இந்த மூன்றும்தான் எனக்குப் பழக்கம். பெரிய ஸ்டேடியம் நிகழ்ச்சிகளுக்கு நான் சொல்வது அப்படியே பொருந்தாது. இதில் சில விஷயங்கள் இயற்பியல், யார் வாசித்தாலும் மாறாது. சில என் பழக்கம் மட்டுமே, வேறு மாதிரி செய்து நன்றாக வாசிக்கிறவர்களும் இருக்கிறார்கள். எது எந்த வகை என்று ஆங்காங்கே சொல்கிறேன்.

முதலில் வாட்ஸ் கணக்கு. 100 வாட்ஸை 200 ஆக்கினால் கிடைப்பது 3 டெசிபல்தான். கவனித்துக் கேட்டால் கொஞ்சம் கூடியிருப்பது தெரியும், அவ்வளவே. இரண்டு மடங்கு சத்தமாகக் காதுக்குத் தோன்ற வேண்டுமானால் 10 டெசிபல் வேண்டும், அதற்குப் பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். இது மாறாத கணக்கு. கோயில் கமிட்டி எப்படியும் மைக்செட்காரரை ஏற்பாடு செய்திருக்கும். அவர் லாரியில் கொண்டுவந்து இறக்கும் பாக்ஸ்களுக்குப் பக்கத்தில் நீங்கள் ஒன்றரை லட்சத்துக்கு வாங்கியது திறந்த வெளியில் எடுபடாது. அதைச் சுமக்க வண்டி, வைக்க இடம், மழைக்குத் தார்ப்பாய் என்று செலவு மட்டும் கூடும்.

பாட்டு ஏன் இழுத்தது என்பதைப் புரிந்துகொண்டால் மற்றது தானாக விளங்கும். ஒலி ஒரு வினாடியில் சுமார் 340 மீட்டர் போகும். திருவிழாவில் தெருமுனை வரை குழாய் ஸ்பீக்கர் கட்டியிருப்பார்கள். 100 மீட்டர் தள்ளியிருக்கும் குழாயிலிருந்து வரும் சத்தம் மேடைக்கு வந்து சேர கிட்டத்தட்ட 0.3 வினாடி ஆகும். நிமிடத்துக்கு 100 தட்டு உள்ள பாட்டில் ஒரு தட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே 0.6 வினாடிதான். ஆக, பாடகி அந்தக் குழாய்ச் சத்தத்தைக் கேட்டுப் பாடினால் சரியாக அரைத் தட்டு பின்னால் இருப்பார். பேட் வாசிக்கிறவர் அவரைப் பார்த்துக் கொஞ்சம் நிதானிப்பார், பேஸ் வாசிக்கிறவர் பேடைப் பார்த்து நிதானிப்பார், மூன்றாவது சரணத்தில் பாட்டு பல்லக்கு மாதிரி நகரும். கல்யாண மண்டபத்தில் குழாய் கிடையாது, ஆனால் 25 மீட்டர் தள்ளி இருக்கும் பின்சுவரில் பட்டுத் திரும்பும் சத்தம் 0.15 வினாடி தாமதமாக வருகிறது. உங்களுக்கு நடந்தது இதுதான் என்று சொல்லமாட்டேன், நான் அங்கே இல்லை. ஆனால் குரல் கேட்காததும் பாட்டு இழுத்ததும் இதற்குப் பொருந்துகின்றன. மைக் கத்தியதற்குக் காரணம் வேறு, அதைப் பின்னால் சொல்கிறேன்.

இதற்கு மருந்து மானிட்டர். பாடுகிறவர் காலடியில், அவரைப் பார்த்தபடி வைக்கும் பாக்ஸ். ஒப்புக்கொள்ளும்போதே கமிட்டியிடம் "மேடைக்கு மானிட்டர் எத்தனை?" என்று கேளுங்கள். குறைந்தது இரண்டு வேண்டும். அதற்கு மிக்ஸரில் தனி ஆக்ஸ் வேண்டும், அதாவது வெளியே போகும் கலவை வேறு, மேடைக்கு வரும் கலவை வேறாக இருக்க வேண்டும். வெளிக் கலவையையே மானிட்டருக்கும் கொடுத்தால் கீபோர்டும் பேடும் சேர்ந்து குரலை மூடிவிடும். பாடுகிறவர்கள் மானிட்டரில் அவர்கள் குரலும், சுருதிக்குக் கொஞ்சம் கீபோர்டும் போதும். எல்லாவற்றையும் கேட்கக் கூடாது. நான் பணம் போடச் சொல்லும் முதல் பொருளும் இதுதான்: ஆம்ப்ளிபயர் உள்ளேயே இருக்கும் 10 அல்லது 12 அங்குல பாக்ஸ் ஒன்று, உங்கள் சொந்த மானிட்டராக. ஒத்திகைக்கும் அதுவே ஆகும், சின்ன வீட்டு விசேஷங்களில் அதுவே வெளி ஸ்பீக்கராகவும் நிற்கும்.

இன்னொரு வழி செலவே இல்லாதது, மேடைச் சத்தத்தைக் குறைப்பது. கிட்டார் ஆம்ப்பைத் தரையில் வைத்தால் சத்தம் வாசிப்பவர் முழங்காலுக்குத்தான் போகிறது, அவர் காதுக்குக் கேட்கவில்லை என்று கூட்டிக்கொண்டே போவார். ஒரு நாற்காலியில் ஏற்றி, காதைப் பார்த்துச் சாய்த்து வையுங்கள். பாதிச் சத்தத்திலேயே அவருக்குத் தெளிவாகக் கேட்கும். உங்களிடம் டிரம்ஸுக்குப் பதில் பேட் இருப்பது ஒரு பெரிய வசதி. பேடின் சத்தம் முழுக்க உங்கள் கையில் இருக்கிறது. டிரம்ஸ் வாங்கலாமா என்ற எண்ணம் வந்தால் இப்போதைக்குத் தள்ளிப்போடுங்கள்.

அடுத்து மைக். பாடுகிற இருவருக்கும் சொந்த மைக் வாங்குங்கள், வயர் மைக். வாடகை மைக் எத்தனை பேர் வாயருகே போய் வந்தது என்பது ஒரு காரணம். ஒரே மைக்கில் வருடக்கணக்கில் பாடினால்தான் எந்த இடத்தில் எவ்வளவு தள்ளிப் பிடிப்பது என்று கைக்குப் பழகும் என்பது அதைவிடப் பெரிய காரணம். 1966 இல் வந்த ஷூர் எஸ்எம்58 இன்றும் மேடைகளில் இருப்பது அது விழுந்தாலும் வேலை செய்யும் என்பதால்தான். ஆனால் இதற்குப் போலி ஏராளம். அங்கீகாரம் பெற்ற கடையில் பில்லோடு வாங்குங்கள், நம்ப முடியாத விலைக்குக் கிடைத்தால் நம்ப வேண்டாம். எந்த மைக் உங்கள் பாடகியின் குரலுக்கு அழகு என்பது காது விஷயம், கடையில் பாடிப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

மைக் ஏன் கத்துகிறது? மைக்கில் போன சத்தம் பாக்ஸில் வந்து, அது திரும்ப மைக்குக்குள் போய், மறுபடி பாக்ஸில் வந்து, இப்படிச் சுற்றிச் சுற்றிப் பெருகுவதுதான் அந்த ஊளை. எஸ்எம்58 மாதிரியான மைக் நேர் பின்னால் இருந்து வரும் சத்தத்தைத்தான் மிகக் குறைவாக எடுக்கும். அதனால் மானிட்டரை மைக்கின் வாலுக்கு நேராக வைக்க வேண்டும். பீட்டா 58 மாதிரி இன்னும் குறுகலாகக் கேட்கும் மைக்கில் கதை வேறு. அதன் செவிட்டுப் பகுதி நேர் பின்னால் இல்லை, பின்பக்கம் சற்று இடமும் வலமுமாக, சுமார் 120 டிகிரியில் இருக்கிறது. அதற்கு மானிட்டரைப் பக்கவாட்டில் நகர்த்தி வைக்க வேண்டும். மைக்கின் தலையைக் கையால் பொத்திப் பிடித்தால் இந்தத் திசைக் கணக்கே அழிந்துபோகும், எல்லாப் பக்கமும் கேட்கத் தொடங்கி உடனே கத்தும். அது பார்க்க ஸ்டைலாக இருக்கிறது என்று இளம் பாடகர்கள் செய்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். தூரமும் அப்படித்தான். வாயிலிருந்து 5 சென்டிமீட்டரில் இருந்த மைக்கை 20 சென்டிமீட்டருக்கு எடுத்துப்போனால் குரல் சுமார் 12 டெசிபல் குறைகிறது. அதை ஈடுகட்ட மைக்செட்காரர் கூட்டுவார், மைக் கத்தும், பழி அவர்மேல் விழும். பாடாத மைக் திறந்திருக்கவும் கூடாது. திறந்த மைக் எண்ணிக்கை இரட்டித்தால், ஊளை வருவதற்கு முன் சத்தத்தைக் கூட்டக்கூடிய அளவு 3 டெசிபல் குறையும்.

"ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ" என்று சொல்லிவிட்டு இறங்குவது சோதனையே இல்லை. பேசுகிற குரலும் உச்சஸ்தாயியில் பாடுகிற குரலும் ஒன்றல்ல. கச்சேரியிலேயே அதிகச் சத்தமான பாட்டின் ஒரு சரணத்தை ஆறு பேரும் முழு வேகத்தில் வாசித்துப் பாருங்கள். முதலில் பேடும் பேஸும், அப்புறம் குரல்கள், அதற்கப்புறம் கீபோர்டும் கிட்டாரும் என்று ஏற்றுவது என் பழக்கம். குரலில் தொடங்குகிறவர்களும் உண்டு. நான்கு மணிக்கு மேடைக்குப் போய்விட்டால் இதற்கு நேரம் கிடைக்கும். காலி மைதானத்தில் அமைத்த சத்தம், கூட்டம் நிறைந்த பிறகு மாறும் என்பதையும் நினைவில் வையுங்கள். மனித உடல் ஒலியை உறிஞ்சும், அதிலும் மேல் ஸ்தாயியை நிறைய உறிஞ்சும்.

இப்போது வயர். யாரும் கவலைப்படாத, ஆனால் கச்சேரியைக் கெடுக்கிற இடம் இது. கீபோர்டிலிருந்தும் பேஸிலிருந்தும் மிக்ஸருக்குப் போகும் தூரம் பதினைந்து இருபது மீட்டர் இருந்தால் சாதாரண கிட்டார் வயர் போதாது, ஹம் (ம்ம் என்ற இரைச்சல்) ஏறும், தெளிவு போகும். நடுவில் டிஐ பாக்ஸ் (வாத்தியத்தின் சிக்னலை மைக் வயரில் போகும்படி மாற்றும் சின்னப் பெட்டி) வைத்தால் அதற்கு மேல் மைக் வயரிலேயே மிக்ஸர் வரை தாராளமாகப் போகலாம். இரண்டு டிஐ பாக்ஸ் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கீபோர்டின் பின்னால் இடம், வலம் என்று இரண்டு துளை இருக்கும். ஒரே வயர்தான் கிடைத்தது என்றால் 'எல் மோனோ' என்று எழுதியிருப்பதில் செருகுங்கள். வலது துளையில் செருகினால் சில டோன்களில் பாதிச் சத்தம் காணாமல் போகும்.

போனிலிருந்து ட்ராக் (முன்பே பதிவு செய்த பின்னணி இசை) போடுகிறவர்களுக்கு ஒரு பொறி காத்திருக்கிறது. போன் பின்னில் இரண்டு கருப்பு வளையம் இருக்கும், அது ஸ்டீரியோ. அந்த வயரின் மறுமுனையில் இருக்கும் ஒற்றை ஸ்டீரியோ ஜாக்கை அப்படியே மிக்ஸரின் ஒரு சேனலில் செருகினால், மிக்ஸர் இடது வலது இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும். நடுவில் இருக்கும் பேஸ், கிக், முக்கிய வாத்தியம் எல்லாம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைந்துவிடும். குகைக்குள் வாசிப்பது மாதிரி ஒரு சத்தம் மட்டும் மிஞ்சும். என்ன கோளாறு என்று தெரியாமல் ஒரு கச்சேரியில் நாங்கள் அரை மணி நேரம் தவித்திருக்கிறோம். ஸ்டீரியோவை இரண்டு மோனோ ஜாக்காகப் பிரிக்கும் வயர் ஒன்று போதும், இரண்டு சேனலில் செருகுங்கள். போனை ஏரோப்ளேன் மோடில் போட மறக்காதீர்கள். தாளம் நிலையாக நிற்க ஒரு நல்ல உபாயமும் இதில் உண்டு: ட்ராக்கை இடப்பக்கமும் கிளிக்கை (தாளத்தைக் காட்டும் டிக் டிக் சத்தம்) வலப்பக்கமும் பதிந்து, வலப்பக்கத்தை வெளியே விடாமல் பேட் வாசிப்பவரின் இயர்போனுக்கு மட்டும் அனுப்புவது. ட்ராக் போடுவது சரியா என்பதில் கலைஞர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. ஆறு பேர் குழுவில் வயலின் கூட்டத்துக்கு மட்டும் ட்ராக் போடுவது எனக்குத் தவறாகத் தெரியவில்லை.

மின்சாரம் பற்றிச் சொல்வதை மட்டும் விவாதத்துக்கு எடுக்காதீர்கள், அப்படியே செய்யுங்கள். ஒரு கிராமத்து மேடையில் எங்கள் கிட்டார் வாசிப்பவர் கோரஸ் பாட மைக் அருகே வாயைக் கொண்டுபோனார், உதட்டில் ஷாக் அடித்துப் பின்னால் விழுந்தார். கிட்டார் ஆம்ப் ஒரு லைனில், மிக்ஸர் வேறு லைனில், ஒன்றில் எர்த் இல்லை. கிட்டார் கம்பியில் கை, மைக்கில் உதடு, நடுவில் அவர் உடம்பு. பிழைத்தது அதிர்ஷ்டம். கோயில் மேடையில் எல்லோரும் செருப்பில்லாமல் நிற்போம், தரை ஈரமாகக்கூட இருக்கும். ஒரு ரப்பர் பாய் கொண்டுபோங்கள். முதல் செருகலுக்கு முன் மல்டிமீட்டரால் பிளக்கில் 230 வோல்ட் பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். வாத்தியங்களை இயக்கியபின் கிட்டார் கம்பிக்கும் மைக் வலைக்கும் நடுவே வோல்ட் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் சரிசெய்யும் வரை யாரும் தொடக்கூடாது. ஹம் வருகிறது என்று எர்த் பின்னைக் கழற்றச் சொல்கிறவர்கள் இருப்பார்கள். கழற்றாதீர்கள், டிஐ பாக்ஸில் 'கிரவுண்ட் லிஃப்ட்' சுவிட்ச் அதற்குத்தான் இருக்கிறது. ஜெனரேட்டரில் நியூட்ரல் கழன்றால் 230 வோல்ட் லைன் 400 வரை ஏறக்கூடும், கீபோர்டு அந்த நொடியே போய்விடும். அதனால் வோல்டேஜ் கூடினால் துண்டிக்கும் கருவி ஒன்றும், கரண்ட் மாறும் நேரத்தில் கீபோர்டு அணைந்துவிடாமல் இருக்க ஒரு சின்ன யுபிஎஸ்ஸும் வாங்குங்கள். சீரியல் செட், ஃபோகஸ் லைட் இணைந்திருக்கும் லைனில் உங்கள் வாத்தியங்களைச் சேர்க்க வேண்டாம் என்று ஜெனரேட்டர்காரரிடம் முன்னாலேயே சொல்லுங்கள். கீபோர்டு, பேட் அடாப்டர்களில் பெயர் எழுதி ஒட்டுங்கள். ஒன்றுக்கொன்று வோல்டேஜும் துருவமும் மாறும், அவசரத்தில் மாற்றிச் செருகினால் பழுது.

மைக்செட்காரரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். புதுக் குழுக்கள் அவரை வேலையாள் மாதிரி நடத்துவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. விடியற்காலை பக்திப் பாட்டு போட்டதிலிருந்து அவர் தூங்காமல் நிற்கிறார். போனதும் பெயர் கேட்டு, "அண்ணே, எங்க பாட்டு லிஸ்ட் இது" என்று ஒரு தாளைக் கொடுங்கள். அதில் யார் எங்கே நிற்கிறார்கள், எத்தனை மைக், எத்தனை வாத்திய வயர், எந்தப் பாட்டு யார் பாடுவது என்று இருக்கட்டும். எக்கோ எங்கே வேண்டும், எங்கே வேண்டாம் என்பதையும் எழுதுங்கள். திறந்த வெளியில் கொஞ்சம் எக்கோ குரலுக்கு அழகு. டைல்ஸ் போட்ட மண்டபத்தில் அறையே எக்கோ கொடுக்கும், மேலே சேர்த்தால் வார்த்தை புரியாது. தொகுப்பாளர் பேசும்போது எக்கோ முழுக்க அணைந்திருக்க வேண்டும். மேடையிலிருந்து மைக்கில் "அண்ணே, மானிட்டர் கூட்டுங்க" என்று ஊர் முன்னால் கேட்காதீர்கள். கையால் சைகை பேசி வைத்துக்கொள்ளுங்கள்: தன்னைக் காட்டி விரலை மேலே உயர்த்தினால் என் குரலைக் கூட்டு என்று அர்த்தம்.

பாட்டு வரிசை விஷயத்தில் என் பழக்கத்தைச் சொல்கிறேன். பிள்ளையார் பாட்டில் தொடங்குவது நம் மேடை மரபு. அது சோதனைக்கும் நல்லது, நிதானமான பாட்டில் மிக்ஸர் பக்கம் சரிசெய்துகொள்ள நேரம் கிடைக்கும். உச்சஸ்தாயிப் பாட்டை முதல் மூன்றுக்குள் வைக்காதீர்கள், தொண்டை சூடாகியிருக்காது. கீபோர்டுக்காரர் தன் தாளில் ஒவ்வொரு பாட்டுக்கும் எத்தனை கட்டை சுருதி, என்ன வேகம், எந்த டோன், யார் எடுத்துக் கொடுப்பது என்று எழுதி வைக்கட்டும். சுருதியை மாற்றும் டிரான்ஸ்போஸ் பட்டனை அழுத்திய பாட்டு முடிந்ததும் பூஜ்யத்துக்குத் திருப்ப வேண்டும் என்பதைச் சிவப்பில் எழுதட்டும். மறந்தால் அடுத்த பாட்டில் கீபோர்டு ஒரு சுருதி, கிட்டார் ஒரு சுருதி. காற்றுக்குத் தாள் பறக்கும், கிளிப் வேண்டும். வயல்வெளி ஊர்களில் விளக்கைப் பாடகர் முகத்துக்கு நேர் மேலே கட்டினால் பூச்சி வாயில் விழும், முன்பக்கம் தள்ளிக் கட்டச் சொல்லுங்கள். விருப்பப் பாட்டுச் சீட்டு நிறைய வரும். ஒத்திகை பார்க்காத பாட்டை அன்பாக மறுத்துவிடுங்கள். பாதி தெரிந்த பாட்டைத் தொடங்கி நிறுத்துவதை ஊர் வருடக்கணக்கில் ஞாபகம் வைத்திருக்கும்.

நேரமும் முக்கியம். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. விழாக்களுக்கு இரவு 12 வரை தளர்த்த மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு, அதுவும் வருடத்தில் 15 நாளுக்கு மேல் போகாமல். எழுத்தில் அனுமதி வாங்குவது கமிட்டியின் வேலை, ஆனால் கடிதம் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். 9.50க்குக் கடைசிப் பாட்டு முடிகிற மாதிரி வரிசை போடுங்கள். நடுவில் அன்பளிப்பு அறிவிப்பு, பொன்னாடை எல்லாம் சேர்ந்து குறைந்தது அரை மணி நேரத்தைத் தின்றுவிடும்.

பணத்துக்கு வருகிறேன். ஒரு மானிட்டர் பாக்ஸ், இரண்டு மைக், இரண்டு டிஐ பாக்ஸ், நல்ல வயர்கள், மல்டிமீட்டர், யுபிஎஸ், வோல்டேஜ் பாதுகாப்பு, எல்லோருக்கும் ஒரு ஜோடி காதடைப்பான். கடைசியாகச் சொன்னதை விட்டுவிடாதீர்கள். 100 டெசிபல் சத்தத்தில் பாதுகாப்பாக இருக்கக்கூடிய நேரம் ஒரு நாளைக்கு 15 நிமிடம் என்றுதான் அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நையாஷ் கணக்குப் போட்டிருக்கிறது, நீங்கள் மூன்று மணி நேரம் நிற்கப் போகிறீர்கள். மீதிப் பணத்தை இப்போது தொடாதீர்கள். கச்சேரி அன்று நம்பிக்கையான ஒருவரைப் பத்தாவது வரிசையில் உட்கார வைத்து முழுவதையும் போனில் பதிவு செய்யச் சொல்லுங்கள். மறுநாள் ஆறு பேரும் சேர்ந்து கேட்டு, எந்தப் பாட்டில் வேகம் குறைந்தது, எங்கே குரல் அமுங்கியது என்று நிமிடம் போட்டுக் குறியுங்கள். அந்தப் பதிவை எனக்கும் அனுப்புங்கள், அடுத்து என்ன வாங்கலாம் என்று கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.